எந்த வண்டி?: தூக்கிக்கொண்டு போனவர் எதிரியான ஒரு வழக்கு

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்ளாதே என்று சொல்லாத வீடு நம் பக்கத்தில் இல்லை. சாலையில் அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்கப் போகிறவனின் கையைப் பிடித்து இழுக்கும்போதும் இதைத்தான் சொல்கிறார்கள். ரத்தம் வழியக் கிடக்கும் மனிதரை ஓணானோடு சேர்க்கலாமா என்று கேட்டுப் பயனில்லை. பயம் அப்படித்தான் பேசும்.

நான் காவிரிப் படுகையில் மோட்டார் வாகன விபத்து வழக்குகளை நடத்தும் வழக்கறிஞன். "உதவப் போனால் மாட்டிக்கொள்வோமா?" என்று கேட்பவர்களிடம் பல ஆண்டுகளாக "மாட்ட மாட்டீர்கள், சட்டம் இருக்கிறது" என்றே சொல்லிவந்தேன். 2025 தை மாதக் கடைசியில் என்னிடம் வந்த ஒரு வழக்குக்குப் பிறகு அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்டேன். மாட்டிக்கொள்ளலாம், ஆனால் ஊர் பயப்படுகிற வழியில் அல்ல. அது எந்த வழி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். காகிதங்களில் இருந்ததை மாற்றவில்லை.

அந்த இரவு

திருவையாற்றிலிருந்து கிழக்கே காவிரியின் வடகரையை ஒட்டிப் போகும் சாலை. ஒரு பக்கம் வாழைத் தோட்டங்கள், மறுபக்கம் அறுத்தும் அறுக்காமலும் கிடக்கும் சம்பா வயல்கள். தை, மாசியில் இந்தப் பக்கத்துச் சாலைகளின் அகலம் பாதியாகிவிடும், நெல் காய்வதால். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். இயந்திரம் அறுத்துக் கொட்டும் நெல்லுக்குக் களம் போதாது. தார்ச்சாலைதான் களம். பகலில் காலால் கிளறிக் காயவைத்து, மாலையில் கூட்டிக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடி, ஓரத்தில் கருங்கல்லை வரிசையாக வைத்துவிடுவார்கள். கறுப்புத் தார்ப்பாய், கறுப்புச் சாலை, தெருவிளக்கு இல்லாத வளைவு. இந்த அமைப்பைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஈரம் என்று மூட்டையைத் திருப்பி அனுப்பப்பட்ட ஒருவரை நேரில் பார்த்தால் உங்களுக்கும் வராது.

அறுபதைத் தாண்டிய ஒரு குத்தகை விவசாயி. பனி இறங்கத் தொடங்கியதும் குவியலின் தார்ப்பாயை இழுத்துவிட வந்தவர். சாலைக்கு முதுகைக் காட்டிக் குனிந்திருந்தபோது ஏதோ ஒரு வண்டி அடித்துவிட்டுப் போய்விட்டது. இடுப்பெலும்பு முறிவு, தலையில் காயம்.

நம் வழக்கின் நாயகர் ஒரு லோடு ஆட்டோ ஓட்டுநர். குட்டி யானை என்று எல்லோரும் சொல்லும் அந்தச் சின்ன வண்டியில் பூவன் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு தாராசுரம் மார்க்கெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். கூடவே சுமை ஏற்றி இறக்கும் பையன் ஒருவன். இரவு 9.10 வாக்கில் வளைவில் விளக்கு விழுந்தபோது தார்ப்பாய்க்கு வெளியே இரண்டு கால்கள் தெரிந்திருக்கின்றன. நிறுத்தினார். 9.12-க்கு 108-க்குப் பேசினார். வண்டி வரக் கொஞ்சம் நேரம் ஆகும் என்று தெரிந்ததும், பதினைந்து இருபது தார்களைச் சாலையோரத்தில் இறக்கி வைத்தார். வாழைச் சருகையும் சாக்கையும் பரப்பி, அந்தத் தார்ப்பாயின் ஒரு பகுதியிலேயே பெரியவரைக் கிடத்தி, நான்கு கையால் தூக்கி ஏற்றினார்கள். பையன் தலையை மடியில் தாங்கிக்கொண்டான். "பெரியப்பா, கண்ணை மூடாதீர்கள், பெரியப்பா" என்று மருத்துவமனை வரை அவன் சொல்லிக்கொண்டே வந்தான். 9.38-க்கு அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு வாசல்.

இறக்கி வைத்த தார்களைத் திரும்பிப் போய்ப் பார்த்தபோது பாதி இல்லை. அது வேறு கதை.

இரண்டே சொல்

அவசரப் பிரிவில் விபத்துப் பதிவேடு என்று ஒன்று உண்டு. ஏ.ஆர். என்பார்கள். அடிபட்டவரின் பெயர், வயது, அழைத்து வந்தவர் யார், எத்தனை மணிக்கு, எப்படி அடிபட்டதாகச் சொல்லப்படுகிறது, என்னென்ன காயம் என்பதெல்லாம் அதில் ஏறும். காவல் நிலையத்துக்குத் தகவல் போவது அதிலிருந்துதான். இழப்பீட்டு வழக்கில் எங்கள் கைக்கு வரும் முதல் காகிதமும் அதன் நகல்தான். பத்து ஆண்டு கழித்து உயர் நீதிமன்றம் வரை போனாலும், "ஏ.ஆர். நகலில் என்ன இருக்கிறது?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

அந்த இரவில் ஒரே மருத்துவர், இரண்டு செவிலியர்கள். பக்கத்துப் படுக்கையில் ஒரு பாம்புக்கடி. மருத்துவர் பெரியவரின் கண்மணியில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே நிமிராமல் கேட்டார்:

"எந்த வண்டி?"

ஓட்டுநர் தன் வண்டியின் எண்ணைச் சொன்னார்.

அவ்வளவுதான். எதில் கொண்டுவந்தீர்கள் என்று கேட்பதாக இவர் நினைத்தார். எது மோதியது என்றுதான் அவர் கேட்டார். இரண்டே சொல்லில் கேட்டால் தமிழில் இரண்டும் ஒரே கேள்வி. பதிவேட்டில் ஏறியது இப்படி: இரவு சுமார் 9 மணிக்கு இன்ன எண்ணுள்ள லோடு ஆட்டோ மோதியதாகக் கூறப்படுகிறது, அழைத்து வந்தவர், அதே வண்டியின் ஓட்டுநர்.

எழுதியவர் மீது எனக்குக் கோபம் இல்லை. அவர் கேள்விக்கு வந்த பதிலை எழுதினார். "கூறப்படுகிறது" என்று ஒரு சொல்லும் சேர்த்தார். ஆனால் அந்தச் சொல் நம் ஊரில் யார் கண்ணிலும் படுவதில்லை. எண் மட்டும்தான் படும்.

இன்னொன்றும் இருக்கிறது, இதைப் பலர் யோசிப்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவு, மோதிய ஓட்டுநரே அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது. ஆகவே இடித்துவிட்டு ஒழுங்காகக் கொண்டுவந்து சேர்க்கிறவரும், வழியில் பார்த்துக் கொண்டுவருகிறவரும் அவசரப் பிரிவு வாசலில் பார்ப்பதற்கு ஒன்றுபோலத்தான் இருப்பார்கள். அதே சட்டை ரத்தம், அதே மூச்சிரைப்பு.

மறுநாள் காலை பெரியவரின் மகன் திருப்பூரிலிருந்து வந்து சேர்ந்தார். பனியன் கம்பெனி வேலை. இரவு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறார். ஓட்டுநர் அப்போதும் மருத்துவமனையில்தான் இருந்தார், டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டு. அவரிடம் மகன் கேட்ட கேள்வியைப் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்:

"நீங்கள் இடிக்கவில்லை என்றால், எதற்காக அண்ணே நின்றீர்கள்?"

அவர் சண்டைக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே புரியாமல் கேட்டார். நிற்காமல் போவதுதான் வழக்கம் என்று ஆகிவிட்ட இடத்தில், நின்றது ஒரு தடயமாகிவிடுகிறது. பகல் பன்னிரண்டுக்குள் மகன் கையெழுத்திட்ட புகார் பதிவானது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 125(பி) பிரிவுகள்: அஜாக்கிரதையாக வண்டி ஓட்டியது, கொடுங்காயம் விளைவித்தது. எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், லோடு ஆட்டோ ஓட்டுநர். வண்டி காவல் நிலைய வளாகத்து வேப்பமரத்தடிக்குப் போனது.

சட்டம் எங்கே நின்றது

ஊர் பயப்படுகிறவற்றை வரிசையாக எடுத்துப் பார்த்தேன். பெரும்பாலானவை இந்த வழக்கில் நடக்கவே இல்லை. பணம் கட்டினால்தான் வைத்தியம் என்று யாரும் சொல்லவில்லை. போலீஸ் வராமல் தொட மாட்டோம் என்றும் சொல்லவில்லை. பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989-லேயே உச்ச நீதிமன்றம் அதைத் தீர்த்துவிட்டது. விபத்து நடந்து முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குத் தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் இருக்கிறது. பெரியவர் அதில்தான் சேர்க்கப்பட்டார்.

உதவுகிறவருக்கான காப்பும் நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. சேவ்லைஃப் அறக்கட்டளை தொடுத்த வழக்கில் 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம், மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளுக்குச் சட்டத்தின் வலுவைக் கொடுத்தது. 2019 திருத்தத்தில் 134ஏ என்ற பிரிவு மோட்டார் வாகனச் சட்டத்துக்குள்ளேயே வந்தது. நல்லெண்ணத்தோடு உதவுகிறவர் தூக்கும்போதோ ஏற்றும்போதோ கவனக்குறைவால் காயம் பெரிதானாலும், ஏன் உயிரே போனாலும், அவர்மீது உரிமையியல் வழக்கோ குற்றவியல் வழக்கோ கிடையாது. இடுப்பெலும்பு முறிந்தவரைச் சருகின்மேல் கிடத்திக் குலுங்கக் குலுங்கக் கொண்டுபோனது இந்தப் பிரிவுக்குள் பத்திரமாக அடங்கும். 2020 செப்டம்பரில் வந்த விதிகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. பெயரையும் முகவரியையும் சொல்லும்படி உதவியவரை வற்புறுத்தக் கூடாது. அவராகச் சாட்சி சொல்ல முன்வந்தால், அவருக்கு வசதியான இடத்தில், ஒரே தடவையில் விசாரித்து முடிக்க வேண்டும். வீட்டுக்குப் போகிற போலீஸ்காரர் சீருடையில் போகக் கூடாது. இந்த உரிமைகளை உள்ளூர் மொழியிலும் எழுதி மருத்துவமனை வாசலில் மாட்ட வேண்டும். இந்த மருத்துவமனையிலும் பலகை இருக்கிறது. அதற்கு முன்னால் சக்கர நாற்காலிகளை மடக்கி அடுக்கியிருக்கிறார்கள்.

பிறகு எங்கே ஓட்டை? இந்தக் காப்பு முழுவதும் 'உதவியவர்' என்று ஏற்றுக்கொள்ளப்பட்டவருக்குத்தான். நீ உதவியவனா, இடித்தவனா என்ற கேள்வியைச் சட்டம் தீர்ப்பதில்லை. விசாரணைதான் தீர்க்க வேண்டும். விசாரணையோ ஏ.ஆர். நகலிலிருந்து தொடங்குகிறது. 134ஏ பிரிவை நான் காவல் நிலையத்தில் எடுத்துக்காட்டியபோது எழுத்தர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சார், அது உதவி செய்தவருக்கு. இவர் எதிரி." தர்க்கத்தில் குறை சொல்ல முடியவில்லை.

குடும்பம் ஏன் அந்த எண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். இடித்துவிட்டு ஓடிய வண்டி தெரியாது என்றால், 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள திட்டப்படி கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய், இறப்புக்கு 2 லட்சம். வண்டி தெரிந்து, அதற்குக் காப்பீடும் இருந்தால், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் லட்சக்கணக்கில் கேட்கலாம். இந்தக் கணக்கை மருத்துவமனை வாசலிலேயே யாரோ மகனுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். அப்படிப்பட்டவர்கள் எல்லா வாசலிலும் நிற்கிறார்கள். என் தொழிலுக்கு இது பெருமை சேர்ப்பதில்லை. மகனைப் பேராசைக்காரர் என்று சொல்ல மாட்டேன். அப்பா இனி வயலில் இறங்கப்போவதில்லை. குத்தகை நெல் அளக்க வேண்டும். கையில் ஒரு வண்டி எண் இருக்கிறது, மருத்துவமனையே எழுதிக் கொடுத்த எண். யாராக இருந்தாலும் நம்பத்தான் தோன்றும்.

காகிதம் நம்மைவிட வேகமாக ஓடியது. விபத்தின் முதல் அறிக்கையை 48 மணி நேரத்துக்குள் தீர்ப்பாயத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் காவல்துறை அனுப்ப வேண்டும் என்பது 2022 விதி. பாதிக்கப்பட்டவர்களுக்கு அது மிக நல்ல விதி. ஆனால் இங்கே ஒரு தவறான வரி மூன்றாம் நாளே மூன்று அலுவலகங்களில் உட்கார்ந்துவிட்டது.

அடுத்து வந்த ஆபத்துதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. தெரிந்தவர்கள் எல்லோரும் ஓட்டுநரிடம் ஒரே யோசனையைச் சொன்னார்கள்: "ஒத்துக்கொள், தம்பி. அபராதம் கட்டிவிட்டு வந்துவிடலாம். பணம் இன்சூரன்ஸ்தானே கொடுக்கப்போகிறது? பெரியவருக்கும் நல்லது, உனக்கும் வண்டி வந்துவிடும்." இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பாதி ஊர் வழக்குகள் இப்படித்தான் முடிகின்றன. ஓட்டுநரே ஒரு கட்டத்தில் என்னிடம், "போகட்டும் சார், அந்தப் பெரியவர் குடும்பத்துக்காவது உதவும்" என்றார். உதவியதற்கு மேல் இன்னும் ஒரு உதவி! நான் கத்திவிட்டேன். செய்யாத குற்றத்தை ஒத்துக்கொண்டால் தண்டனைப் பதிவு இருக்கும். ஓட்டுநர் உரிமத்துக்குச் சிக்கல் வரும். காப்பீட்டு நிறுவனம் பொய் வழக்கு என்று கண்டுபிடித்தால் பெரியவர் குடும்பமும் சேர்ந்து மாட்டும். உண்மையில் இடித்தவனை யாரும் தேடவும் மாட்டார்கள்.

ஐந்து நிமிடக் கணக்கு

வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்தார். முன் பம்பரின் இடது மூலையில் ஒரு நசுங்கல் இருந்தது. குடும்பத்தார் அதைத்தான் படம் எடுத்து வைத்திருந்தார்கள். நசுங்கலுக்குள் துரு ஏறியிருந்தது. அதன்மேல் பழைய பட்டி பூச்சு. ரத்தம் முன்பக்கத்தில் ஒரு பொட்டுகூட இல்லை. எல்லாம் பின்னால், சருகிலும் சாக்கிலும். ஆனால் "துடைத்திருக்கலாம்" என்றார்கள். பையனின் வாக்குமூலத்துக்கு "அவன் உன் ஆள்தானே" என்றார்கள்.

ஓட்டுநரை உட்காரவைத்து, அந்த மாலை நான்கு மணியிலிருந்து என்னென்ன செய்தார் என்று கேட்டுக்கொண்டே போனேன். டீ, தார் ஏற்றியது, வாடகை பேசியது. "வழியில் டீசல் போட்டேன்" என்றார். பணத்தைக் கைபேசியிலேயே செலுத்தியிருந்தார். வங்கிக் குறுஞ்செய்தியில் இரவு 8.47. பங்க்கின் ரசீதும் அதையே சொன்னது. பங்க்கிலிருந்து வளைவு 11 கிலோமீட்டர்.

அதை வைத்துக் காவல் துணைக் கண்காணிப்பாளருக்கு மனு எழுதினேன். அன்று இரவு அந்த வளைவிலிருந்து 108-க்குப் போன எல்லா அழைப்புகளின் நேரத்தையும் வரவழைக்க வேண்டும் என்று கேட்டேன். எங்கள் 9.12 அழைப்பு பதிவில் இருக்கும், அது நல்லெண்ணத்தைக் காட்டும் என்பதுதான் என் எண்ணம். வந்த பட்டியலில் இரண்டு அழைப்புகள் இருந்தன. முதலாவது 8.52-க்கு. யாரோ ஒருவர், கோயில் வளைவில் நெல் குவியல் பக்கத்தில் ஒருவர் விழுந்து கிடக்கிறார் என்று சொல்லிவிட்டு வைத்திருக்கிறார்.

8.47-க்குப் பங்க்கில் நின்ற குட்டி யானை, வாழைத்தார் பாரத்தோடு, ஐந்து நிமிடத்தில் 11 கிலோமீட்டர் போய் இடித்திருக்க முடியாது. பெரியவர் அப்போதே கீழே கிடந்தார்.

அந்த முதல் அழைப்பைச் செய்தவர் ஒரு கல்லூரி மாணவர் என்று பிறகு தெரிந்தது. பைக்கில் போனவர். நிற்க பயம், போன் மட்டும் செய்தார். விசாரணைக்கு வர மாட்டேன் என்றார். வற்புறுத்த விதி இடம் தரவில்லை, வற்புறுத்தவும் வேண்டியிருக்கவில்லை, பதிவே போதும். நிற்காமல் போனவர்களை நான் திட்டுவதுண்டு. நின்றவரைக் காப்பாற்றியது நிற்காதவரின் அரை உதவிதான் என்பதை இந்த வழக்கில் ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஐந்தாம் நாள் பெரியவருக்கு நினைவு தெளிந்தது. பின்னால் ஒரே வெளிச்சம், பைக் சத்தம் மாதிரி இருந்தது என்றார். மோதிய வண்டியைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு நினைவில் இருந்தவை இரண்டு: வாழைக்காய் வாசனை, 'பெரியப்பா' என்று கூப்பிட்ட குரல். மருத்துவரும் எழுதிக் கொடுத்தார். வாகன எண் அழைத்து வந்தவர் சொன்னது. மோதிய வாகனம் பற்றித் தனக்கு நேரடியாக எதுவும் தெரியாது என்று.

ஓட்டுநரின் பெயர் நீக்கப்பட்டு, அடையாளம் தெரியாத வாகனம் என்று வழக்கு மாறியது. அந்த வாகனம் இன்றுவரை கிடைக்கவில்லை. ஆய்வுக்காக எடுத்துச் சென்ற வண்டியை, வேலை முடிந்தபின் 24 மணி நேரத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்கிறது சட்டத்தின் 136-வது பிரிவு. வேப்பமரத்தடியில் அது ஒன்பது நாள் நின்றது. ஒன்பது நாள் வாடகை போனது. தார் ஏற்றிவிட்ட வியாபாரி வேறு வண்டி பார்த்துக்கொண்டார்.

திருவாரூர்க் கல்தேரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இப்போது ஒரு நினைப்பு வருகிறது. மனுநீதிச் சோழன் கதையில் கன்று தேர்க்காலில் விழுந்ததும் தாய்ப்பசு நேராக வந்து மணியை இழுத்துவிட்டது. கன்றைத் தூக்கியவர் என்று ஒருவர் அந்தக் கதையில் இல்லை. இருந்திருந்தால் அவருடைய பாடு என்ன ஆகியிருக்குமோ.

பிறகு

மகன் அலுவலகத்துக்கு வந்து ஓட்டுநரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதுவும் பேசவில்லை. அந்த 50,000-க்கான விண்ணப்பத்தை நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

உதவியவருக்கான வெகுமதி அப்போது 5,000 ரூபாய். அதே ஆண்டு ஏப்ரலில் மத்திய அரசு அதை 25,000 ஆக்கியது. வாங்கித் தரவா என்று ஓட்டுநரிடம் கேட்டேன். அதற்குக் காவல் நிலையத்தின் ஒப்புகைக் கடிதம் வேண்டும் என்று சொன்னதும், "எந்த ஸ்டேஷன் சார்?" என்றார். அந்த ஸ்டேஷன்தான் என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

இப்போது கேட்பவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம் நீளம். தூக்குவதற்கு முன் உங்கள் போனிலிருந்தே 108-க்குப் பேசுங்கள். அந்த நேரம் எங்கோ பதிவாகும். கிடந்த இடத்தையும் உங்கள் வண்டியின் முன்பக்கத்தையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் "எந்த வண்டி?" என்றால் எண்ணைச் சொல்லாதீர்கள். "மோதிய வண்டி தெரியாது, கிடந்தவரைக் கொண்டுவந்தேன், இது நான் கொண்டுவந்த வண்டி" என்று மூன்று வாக்கியமாகச் சொல்லி, அப்படியே எழுதுகிறார்களா என்று பாருங்கள். பெயர் சொல்லாமல் போக உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் சொந்த வண்டியில் கொண்டுவந்திருந்தால் அந்த உரிமையைப் பயன்படுத்த வேண்டாம் என்பது என் கருத்து. எண்ணை யாராவது குறித்து வைத்திருப்பார்கள். பெயர் சொல்லாமல் போனவர், இடித்துவிட்டு ஓடியவர் போலவே தெரிவார்.

இதையெல்லாம் முதலில் சொன்னது அந்த ஓட்டுநரிடம்தான். சென்ற மாதம் அவர் போன் செய்தார். அணைக்கரைப் பக்கம் ஒரு மொபெட் சறுக்கி, ஒரு அம்மா விழுந்து கிடந்தாராம். நின்றீர்களா என்று கேட்டேன்.

"நின்றேன் சார். நீங்கள் சொன்ன மாதிரியே செய்தேன். 108-க்குப் பேசினேன். ரோட்டை ஒரு படம், என் வண்டியின் முன்பக்கம் ஒரு படம், மொபெட் ஒரு படம். அப்புறம்தான் பக்கத்தில் போனேன்."

எவ்வளவு நேரம் ஆயிற்று என்றேன்.

"ஒரு நிமிடம் ஆகியிருக்கும் சார். நான் படம் எடுத்து முடிக்கிற வரை அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்."